அப்பாவின் சிடி ரிப்போர்ட்டில் நுரையீரல் தமனி 33 மி.மீ.: அந்த எண்ணை எப்படிப் படிப்பது?

கேட்கப்பட்டது இதுதான்: அப்பாவுக்கு 67 வயது. முப்பது வருடம் பீடி பிடித்தவர், சில வருடங்களாக சிஓபிடி (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்). ஊதும் சோதனையில் அடைப்பு மிதம் என்றே வருகிறது, ஆனால் குளியலறை வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாய் பளிச்சென்று தெரிய ஊசியில் ஏற்றும் மருந்து) போடாத சிடி ரிப்போர்ட்டில் "பிரதான நுரையீரல் தமனி 33 மி.மீ., பெருந்தமனியோடு விகிதம் 1.1" என்று ஒரு வரி. சிடியை வைத்து நுரையீரலின் ரத்தக் குழாய்களை எப்படி மதிப்பிடுகிறார்கள், அந்த வரியை எவ்வளவு நம்பலாம்?

அந்த வரியை அலட்சியப்படுத்த வேண்டாம். அதையே நோயின் பெயராகவும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சந்தேகப்பட அது போதும். எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) எடுக்கவும் போதும். கூடியிருக்கிறது என்று முடிவுகட்டப் போதாது. அந்த 33 எந்த ஸ்லைஸில் (குறுக்கு வெட்டுப் படத்தில்), எந்தக் கோணத்தில், எந்த மூச்சில் அளக்கப்பட்டது என்று தெரிந்தால்தான் அதன் எடை தெரியும். இந்தப் பதிலில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில், சிஓபிடி என்றதும் எல்லாரும் மூச்சுக் குழாயைத்தான் நினைக்கிறோம். ஊதும் சோதனையும் காற்று எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் மூச்சின் வேலை காற்றும் ரத்தமும் சந்திக்கும் இடத்தில் நடக்கிறது. அங்கே ரத்தத்தின் பக்கம் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, எம்பைசீமாவில் காற்றறைகளின் சுவர் கரையும்போது அந்தச் சுவருக்குள் ஓடும் தந்துகிகளும் சேர்ந்தே போய்விடுகின்றன. மற்றொன்று, ஆக்சிஜன் குறைந்த பகுதிக்குப் போகும் சிறு தமனிகள் தாமாகவே சுருங்கிக்கொள்கின்றன. ஃபான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946-இல் பூனைகளில் காட்டியது இதைத்தான். ஒரு மூலையில் மட்டும் காற்று குறைந்தால் இது நல்ல ஏற்பாடு, ரத்தம் காற்றுள்ள இடத்துக்குத் திருப்பிவிடப்படும். நுரையீரல் முழுக்கக் காற்று குறைந்து, சுருக்கம் வருடக்கணக்கில் நீடித்தால் குழாய்ச் சுவர் தடித்துவிடும். புகை தன் பங்குக்குக் குழாயின் உட்படலத்தை நேரடியாகவே கெடுக்கும். எல்லாம் சேர்ந்து, இதயத்தின் வலது பக்கம் அதிக அழுத்தத்தில் தள்ள வேண்டியதாகிறது. அந்த அழுத்தத்தில் விரிவதுதான் பிரதான நுரையீரல் தமனி.

இனி அளவெடுப்பு. மென்திசு ஜன்னலில் (ரத்தமும் தசையும் தெளிவாகத் தெரியும் பிரகாச அமைப்பு), அதாவது அகலம் 350 முதல் 400, நடுமட்டம் 40 முதல் 50 வைத்துப் படத்தை மேலிருந்து கீழே உருட்டிக்கொண்டே வந்தால் பெருந்தமனி வளைவு கடந்துபோகும். அதற்குச் சற்றுக் கீழே பிரதான நுரையீரல் தமனி இடமும் வலமுமாகப் பிரியும் ஸ்லைஸ் வரும். வலது கிளை, ஏறு பெருந்தமனிக்குப் பின்னால் வளைந்து போவது கவட்டைக் கம்பு போலத் தெரியும். அந்த ஸ்லைஸில்தான் நிற்க வேண்டும். அளவுகோலைத் தமனி ஓடும் திசைக்குச் செங்குத்தாக, மிக அகலமான இடத்தில் வைக்க வேண்டும். பலர் கை தவறுவது இங்கேதான். கோணம் சாய்ந்தால் வட்டமான குழாயை நீள்வட்டமாக அளப்போம், 29 இருப்பது 33 ஆகிவிடும். கிளை பிரியும் இடத்துக்குள் அளவுகோலின் ஒரு நுனி போய்விட்டாலும் அதே கதை. அதே ஸ்லைஸில் ஏறு பெருந்தமனியை ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு முறை அளந்து சராசரி எடுத்து வகுத்தால் விகிதம் கிடைக்கும். உங்கள் ரிப்போர்ட்டின் கணக்குப்படி பெருந்தமனி 30 மி.மீ. இருந்திருக்க வேண்டும். 67 வயது ஆணுக்கு அது இயல்பு எல்லைக்குள்தான், ஆனால் சற்றுச் சிறிய பக்கம், எனவே விகிதம் கூடியதில் அதற்கும் ஒரு பங்கு இருக்கலாம்.

எது அதிகம்? அமெரிக்காவின் நீண்டகால இதய ஆய்வான ஃப்ரேமிங்காம் ஆய்வில் கான்ட்ராஸ்ட் போடாத சிடியில் அளந்து நிர்ணயித்த மேல் வரம்பு ஆண்களுக்கு 29 மி.மீ., பெண்களுக்கு 27 மி.மீ., விகிதத்துக்கு 0.9. ஐரோப்பிய இதயவியல், சுவாசவியல் சங்கங்களின் 2022 வழிகாட்டுதல், 30 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்பதைச் சந்தேகக் குறியாக எடுத்துக்கொள்கிறது. சிஓபிடிக்கென்று பார்த்தால் 2012-இல் வந்த ஓர் ஆய்வு முக்கியமானது. சிஓபிடிஜீன் என்ற ஆய்வில் சேர்ந்த 3,464 பேரிலும், சரிபார்க்க எக்ளிப்ஸ் என்ற ஆய்வில் சேர்ந்த 2,005 பேரிலும் இந்த விகிதத்தைப் பார்த்தார்கள். 1-ஐத் தாண்டியவர்களுக்கு, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்கு மூச்சு மோசமாகும் நிகழ்வுகள் தெளிவாகக் கூடுதலாக வந்தன. என்னைக் கேட்டால், உங்கள் அப்பாவைப் பொறுத்தவரை 1.1 என்ற எண்ணின் முதல் பயன் இதுதான்: அடுத்த சில வருடங்களில் கவனமாக இருக்க வேண்டியவர் என்று அது சொல்கிறது. அழுத்தம் எவ்வளவு என்பது அடுத்த கேள்வி.

இந்த அளவு தவறாக வரும் வழிகள் இன்னும் உண்டு. இதயத் துடிப்போடு ஒத்திசைக்காத சாதாரண மார்பு சிடியில் படம் துடிப்பின் எந்தக் கட்டத்தில் விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. தமனி துடிப்புக்குத் துடிப்பு ஒன்றிரண்டு மி.மீ. விரிந்து சுருங்கும். பெருந்தமனியின் விளிம்பு அசைந்து இரட்டைக் கோடாகவும் விழும். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் சுவரும் சேர்த்து வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளக்கிறோம், கான்ட்ராஸ்ட் படத்தில் உள்ளே வெள்ளையாகத் தெரியும் ரத்தத்தை மட்டும் அளக்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டு "குறைந்துவிட்டது" என்று மகிழக் கூடாது. பல வருட ரத்தக் கொதிப்பால் பெருந்தமனி 38 மி.மீ. ஆனவருக்கு நுரையீரல் தமனி 33 இருந்தாலும் விகிதம் 0.87 என்று நல்ல பிள்ளை போலக் காட்டும். அதனால் ரிப்போர்ட்டில் விகிதம் மட்டும் இருந்தால் இரண்டு தனி அளவுகளையும் கேட்டு வாங்குங்கள்.

நோய் சிஓபிடி மட்டும்தானா என்பதையும் பார்க்க வேண்டும். நுரையீரல் தழும்பேறும் ஃபைப்ரோசிஸ் நோயில், இறுகிய நுரையீரல், தமனியை வெளிப்பக்கம் இழுப்பதாலோ என்னவோ, அழுத்தம் கூடாமலே தமனி விரிந்திருப்பது உண்டு. அங்கே 30 மி.மீ. என்பதற்கு நம்பகம் குறைவு. இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்வியிலேயே அதன் சாயல் இருக்கிறது. மேல் மடல்களில் எம்பைசீமா, கீழ் மடல்களில் ஃபைப்ரோசிஸ் என்று இரண்டும் சேர்ந்த நிலையை 2005-இல் பிரான்சின் வின்சென்ட் கோட்டினும் குழுவினரும் தனி நோய்க்கூட்டாக விவரித்தார்கள். எம்பைசீமா நுரையீரலை ஊத வைக்கிறது, ஃபைப்ரோசிஸ் சுருக்குகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் ஊதும் சோதனை ஏறக்குறைய ஒழுங்காக வந்துவிடும். ரத்தத்துக்குள் வாயு கடக்கும் திறனோ பாதாளத்தில் கிடக்கும். நுரையீரல் ரத்த அழுத்தம் கூடுவதும் இவர்களுக்கு அதிகம். ஊதும் சோதனைக்கும் மூச்சுத் திணறலுக்கும் பொருத்தம் இல்லாத எந்தப் பீடிக்காரருக்கும் கீழ் மடல்களின் ஓரத்தை ஒருமுறை உற்றுப் பார்க்கச் சொல்வது நல்லது.

தமனியின் அகலத்தோடு நிற்காமல் அதே படத்தில் துணைச் சாட்சிகளைத் தேட வேண்டும். ஒவ்வொரு மடலிலும் கிளைத் தமனியும் மூச்சுக்கிளைக் குழாயும் ஜோடியாக ஓடும், குறுக்கு வெட்டில் இரட்டைக் குண்டு போல. தமனிக் குண்டு மூச்சுக்குழாயின் வட்டத்தைவிடப் பெரிதாக மூன்று மடல்களிலாவது இருந்து, பிரதான தமனியும் 29-ஐத் தாண்டியிருந்தால் சந்தேகம் வெகுவாகப் பலப்படும். கான்ட்ராஸ்ட் படம் என்றால் இதய அறைகளையும் அளக்கலாம்: வலது கீழறையின் அகலம் இடது கீழறையின் அகலத்துக்குச் சமமாகவோ கூடவோ இருப்பது, வலது கீழறை வெளிவழியின் சுவர் 6 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருப்பது, இரண்டு கீழறைகளுக்கும் நடுச்சுவர் இடப்பக்கம் தள்ளப்பட்டிருப்பது. இவை தமனி அகலத்தோடு சேர்ந்து வந்தால், அகலம் மட்டும் இருப்பதைவிடப் பல மடங்கு கனமான சாட்சி. கான்ட்ராஸ்ட் கல்லீரல் சிரைகளுக்குள் பின்னோக்கிப் போயிருப்பதையும் சிலர் குறியாக எழுதுவார்கள். வினாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் ஊசி போட்டிருந்தால் நல்ல இதயத்திலும் அப்படிப் போகும், அதற்கு அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். இடது மேலறை பெரிதாக இருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெரிதாக இருந்தால் அழுத்தம் இதயத்தின் இடது பக்கத்திலிருந்து பின்னுக்கு வருகிறது என்று பொருள்படலாம், அது வேறு வைத்தியம்.

இதுவரை சொன்னது பெரிய குழாய். நோயின் ஆரம்பமோ சிறிய குழாயில். நுரையீரல் ஜன்னலுக்கு மாற்றி, 1 மி.மீ. ஸ்லைஸில் மேல் மடலைப் பெரிதாக்கிப் பாருங்கள். சாம்பல் நிற நுரையீரலுக்குள் சுவரே இல்லாத சின்னச் சின்னக் கரும்பொட்டல்கள் தெரியும். சிலவற்றின் நட்ட நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி நிற்கும். அதுதான் அந்த நுண்மடலுக்கு (மடலின் மிகச் சிறிய அலகுக்கு) ரத்தம் கொண்டுவந்த தமனி. சுற்றியிருந்த காற்றறைகள் கரைந்துபோக, குழாய் மட்டும் தோட்டம் அழிந்த பிறகு நிற்கும் தண்ணீர்க் குழாய் போல நிற்கிறது. பக்கத்தில் நோய் குறைந்த பகுதியில் அதே அளவு தமனியைத் தொடர்ந்து போனால், அது கிளைத்துக் கிளைத்து நுரையீரல் ஓரத்துக்கு ஒரு செ.மீ. வரையாவது போவது தெரியும். எம்பைசீமாப் பகுதியில் பாதியிலேயே திடீரென்று மெலிந்து மறைந்துவிடும். நுனிக் கிளைகளைக் கத்தரித்துவிட்ட மரம் போன்ற இந்தத் தோற்றத்தை எண்ணாக மாற்றுவதற்குத்தான் கடந்த பதினைந்து இருபது வருடங்களாகப் பல முறைகள் வந்திருக்கின்றன.

அவற்றில் எளிமையானது மட்சுவோகாவின் குழு 2010-இல் கடுமையான எம்பைசீமாக்காரர்களிடம் வலது இதயக் கதீட்டர் (இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அழுத்தத்தை நேரடியாக அளப்பது) அளவோடு ஒப்பிட்ட முறை. இலவசமாகக் கிடைக்கும் இமேஜ்ஜே மென்பொருளே போதும். மூன்று ஸ்லைஸ்கள்: பெருந்தமனி வளைவின் மேல் விளிம்புக்கு 1 செ.மீ. மேலே, மூச்சுக்குழல் பிரியும் இடத்துக்கு 1 செ.மீ. கீழே, வலது கீழ் நுரையீரல் சிரைக்கு 1 செ.மீ. கீழே. ஒவ்வொன்றிலும் மைனஸ் 500 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (சிடியில் பிரகாசத்தை அளக்கும் அலகு) கீழே உள்ளதை நுரையீரல் என்று பிரித்து, பிறகு மைனஸ் 720-ஐ எல்லையாக வைத்துப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்க வேண்டும். இப்போது வெள்ளையாக நிற்பவை பெரும்பாலும் குழாய்கள். துகள்களை எண்ணும் கட்டளையில் பரப்பு 5 சதுர மி.மீ.க்குள், வட்டத்தன்மை 0.9 முதல் 1 வரை என்று கொடுத்தால், ஸ்லைஸுக்குச் செங்குத்தாக ஓடும் சிறு குழாய்கள் மட்டும் மிஞ்சும். அவற்றின் மொத்தப் பரப்பை நுரையீரல் பரப்பால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் வரும் சதவீதம்தான் விடை. அது குறையக் குறைய நுரையீரல் தமனி அழுத்தம் கூடுவதை அந்த ஆய்வு காட்டியது. 5 சதுர மி.மீ. என்றால் விட்டம் சுமார் 2.5 மி.மீ. 350 மி.மீ. அகலப் படத்தை 512 புள்ளிகளாகப் பிரித்தால் ஒரு புள்ளி 0.68 மி.மீ., அதாவது குழாயின் குறுக்கே நாலு புள்ளிகூட முழுசாக இல்லை. இந்த ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால், ஏன் இந்த முறை இவ்வளவு எளிதில் தடம் மாறுகிறது என்பது தானே விளங்கும்.

தடம் மாற்றும் முதல் காரணம் மூச்சு. முழு மூச்சில் நுரையீரல் விரியும்போது குழாய்கள் நீண்டு இழுபடுகின்றன, நுரையீரல் பரப்பும் கூடுகிறது. அரை மூச்சில் எல்லாம் நெருங்கி வந்துவிடுகின்றன. போன வருடம் முழு மூச்சிலும் இந்த வருடம் இருமலுக்கு நடுவே அரை மூச்சிலும் எடுத்த படங்களில் சிறு குழாய்ப் பரப்பு வேறுபட்டால் அது நோய் மாறியதாகாது, மூச்சு மாறியதாகும். ஒப்பிடும் முன் இரண்டு ஸ்கேனிலும் மொத்த நுரையீரல் கன அளவைக் கணக்கிட்டுப் பார்ப்பது கட்டாயம். இரண்டாவது, கெர்னல், அதாவது மூல அளவீட்டைப் படமாக மாற்றும் கணக்கு முறை. நுரையீரல் ஓரங்களைக் கூர்மையாகக் காட்டும் கெர்னலில் இரைச்சல் புள்ளிகள் அதிகம். மென்பொருளுக்கு இரைச்சலும் குழாயும் ஒன்றுதான், வட்டமாக வெள்ளையாக இருந்தால் எண்ணிவிடும். குறைந்த கதிர்வீச்சு ஸ்கேனிலும் இதே தொல்லை. எண்ணிக்கைக்கு மென்மையான கெர்னல்தான் வேண்டும். மூன்றாவது கான்ட்ராஸ்ட். குழாய்க்குள் அயோடின் இருந்தால் விளிம்புப் புள்ளிகளும் பிரகாசமாகி, மைனஸ் 720 எல்லையில் அதே குழாய் பருத்துத் தெரியும். ஆகவே கான்ட்ராஸ்ட் படத்தின் எண்ணை வெறும் படத்தின் எண்ணோடு ஒருபோதும் சேர்த்துப் பார்க்கக் கூடாது. நான்காவது, உள்ளே இருக்கும் சளி. சளி அடைத்த சிறு மூச்சுக்குழாயும், நிமோனியா முடிந்து மிஞ்சிய புள்ளியும் மென்பொருள் கண்ணுக்குக் குழாய்தான். மூச்சு மோசமான வாரத்தில் எடுத்த படத்தில் இந்த எண்ணையே எடுக்காமல் விடுவது மேல்.

மூன்று ஸ்லைஸுக்குப் பதில் நுரையீரல் முழுவதிலும் குழாய் மரத்தை முப்பரிமாணத்தில் பிரித்தெடுக்கும் முறையை பாஸ்டனின் ப்ரிகாம் மருத்துவமனைக் குழு வளர்த்தது. அங்கே கணக்கு, 5 சதுர மி.மீ.க்குக் குறைவான குறுக்கு வெட்டுள்ள குழாய்களின் கன அளவை மொத்தக் குழாய்க் கன அளவால் வகுப்பது. வகுத்துவிடுவதால் உடல் பருமன், உயர வேறுபாடு ஓரளவு கழிந்துவிடும். புகைபிடிப்பவர்களில் இந்தப் பங்கு குறைந்தவர்களுக்கு ஆறு நிமிட நடை தூரமும் குறைந்திருப்பதை 2013-இல் வெளியிட்டார்கள். பிறகு தமனியையும் சிரையையும் தனித்தனியாகப் பிரிக்க நரம்பு வலைக் கணிமுறைகள் வந்தன. கண்ணாலும் பிரிக்கலாம், பொறுமை வேண்டும்: தமனி எப்போதும் மூச்சுக்கிளைக் குழாயின் தோளைப் பிடித்துக்கொண்டே போகும், சிரை நுண்மடல்களுக்கு நடுவே தனியாக நடந்து இடது மேலறையில் வந்து சேரும். எம்பைசீமாவில் இரண்டின் நுனிகளும் அழியும். தமனி நுனிகள் மட்டும் அதிகமாக அழிந்திருந்தால் வலது கீழறை பெரிதாகும் வாய்ப்போடு அது ஒட்டிப் போகிறது. இந்த அளவுகள் எதுவும் இன்று சாதாரண ரிப்போர்ட்டில் வராது. ஆராய்ச்சியில் பயன்படுகின்றன, தனி நோயாளிக்கு "இதற்குக் கீழே ஆபத்து" என்று சொல்ல ஒத்துக்கொள்ளப்பட்ட வரம்பு கிடையாது. யாராவது மென்பொருள் அச்சிட்ட வண்ணப் படத்தைக் காட்டி மருந்து மாற்றச் சொன்னால் காரணம் கேளுங்கள்.

இன்னொரு எல்லையும் உண்டு. நுரையீரல் ரத்த அழுத்தத்தை உண்மையில் நிர்ணயிப்பவை அரை மி.மீ.க்கும் குறைந்த தமனிகள். எந்தச் சாதாரண சிடிக்கும் அவை தெரியாது. நாம் பார்ப்பது அவற்றுக்கு முந்தைய கிளைகளை. வாய்க்காலில் தண்ணீர் வற்றியதைப் பார்த்து வயலின் நிலையை ஊகிப்பது போலத்தான்.

அடுத்து, கான்ட்ராஸ்ட் போட்டு எடுக்க வேண்டுமா? தமனி அகலத்துக்கும் எம்பைசீமாவுக்கும் தேவையில்லை. ரத்தக் கட்டி இருக்கிறதா என்ற கேள்வி வந்தால் தேவை. சிஓபிடிக்காரருக்கு மூச்சு திடீரென்று மோசமாகும்போது எல்லாவற்றையும் சளிமேல் பழிபோட்டுவிடுவது வழக்கம். 2021-இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், மூச்சு மோசமாகி மருத்துவமனையில் சேர்ந்த 740 சிஓபிடி நோயாளிகளில் 5.9 சதவீதம் பேருக்கு நுரையீரல் தமனியில் ரத்தக் கட்டி இருந்தது. எல்லாருக்கும் எடுக்க வேண்டியதில்லை. கால் வீக்கம், நெஞ்சுக் குத்து, சளியோ காய்ச்சலோ இல்லாமல் திடீர் ஆக்சிஜன் சரிவு என்றால் தயங்கக் கூடாது.

அந்த ஸ்கேனில் சிஓபிடிக்காரர்களிடம் சொதப்பும் இடமும் மூச்சுதான். முழங்கை மடிப்புச் சிரையில், முடிந்தால் வலக்கையில், 18 அல்லது 20 கேஜ் ஊசி. வினாடிக்கு 4 மி.லி. வேகத்தில் 50 முதல் 70 மி.லி. கான்ட்ராஸ்ட், பின்னாலேயே 30 முதல் 40 மி.லி. உப்புநீர். பிரதான நுரையீரல் தமனியில் வட்டம் வைத்து, பிரகாசம் 100 முதல் 150 ஹவுன்ஸ்ஃபீல்டைத் தொட்டதும் ஸ்கேன் கிளம்பும். இந்த நேரத்தில் "நல்லா இழுத்துப் பிடிங்க" என்று சொன்னால், நோயாளி ஆழமாக இழுக்க, வயிற்றிலிருந்து கான்ட்ராஸ்ட் கலக்காத ரத்தம் கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வெள்ளமாக வந்து வலது இதயத்தை நிரப்பும். கைப்பக்கமிருந்து வரும் கான்ட்ராஸ்ட் ரத்தம் ஒரு கணம் ஒதுங்கிவிடும். படத்தில் மேற்பெருஞ்சிரையும் வெள்ளை, பெருந்தமனியும் வெள்ளை, நடுவே நுரையீரல் தமனி மட்டும் மங்கல். கட்டி இருக்கிறதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. மூச்சைப் பிடிக்கும்போது முக்கினாலும் இதுவே நடக்கும். அதனால் "சாதாரணமா மூச்சு இழுத்து, வாயைத் திறந்தபடியே அப்படியே நிறுத்துங்க" என்பதுதான் சரியான சொல். எம்பைசீமாவை அளப்பதற்கு இதற்கு நேர் எதிராக முழு மூச்சு வேண்டும்! இரண்டு வேலையையும் ஒரே ஸ்கேனில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் இரண்டும் கெடும். மூச்சைப் பிடிக்க முடியாதவருக்கு, முன்கூட்டியே மூச்சுக்குழல் தளர்த்தும் மருந்து இழுக்கக் கொடுத்து, மூக்கில் ஆக்சிஜன் வைத்து, மேசையில் படுத்தபடி இரண்டு முறை ஒத்திகை பார்த்து, கீழிருந்து மேலாக ஸ்கேன் செய்தால் தப்பிக்கலாம். மூச்சு அசைவு அதிகம் கெடுப்பது நுரையீரல் அடிப்பாகத்தை. அது முதல் வினாடிகளில் முடிந்துவிடும்.

இரட்டை ஆற்றல் சிடி இருக்கும் மையம் என்றால் இதே ஊசியில் கூடுதலாக ஒரு தகவல் கிடைக்கும். 80, 140 கேவி போன்ற இரண்டு ஆற்றல்களில் படமெடுத்து அயோடினை மட்டும் பிரித்து, எந்தப் பகுதிக்கு ரத்தம் போயிருக்கிறது என்று வண்ண வரைபடம் போடலாம். எம்பைசீமாவில் கறுத்த பகுதியும் ரத்தம் குறைந்த பகுதியும் பெரும்பாலும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும். நுரையீரல் திசு நன்றாக இருக்கும் இடத்தில் ஆப்பு வடிவில் ரத்தம் இல்லை என்றால்தான் கட்டியை நினைக்க வேண்டும். ஒன்றை மறக்கக் கூடாது: இது ஒரு கணத்தில் அங்கே இருந்த ரத்தத்தின் அளவு, ஓடும் வேகமல்ல. மேற்பெருஞ்சிரையில் தேங்கிய அடர்த்தியான கான்ட்ராஸ்டின் கீற்று வலது மேல் மடலிலும், இதயத்தின் அசைவு இடப்பக்கம் அதை ஒட்டிய பகுதியிலும் போலி ஓட்டைகளை உண்டாக்கும். அந்த இரண்டு இடங்களில் மட்டும் குறை தெரிந்தால் மூல ஸ்லைஸைப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

காசநோய் வந்து ஆறியவர்கள் நம் பக்கம் அதிகம் என்பதால் இதையும் சேர்க்கிறேன். அவர்களுக்கு சளியில் ரத்தம் வந்தால் தேட வேண்டிய குழாய் பெரும்பாலும் நுரையீரல் தமனி இல்லை, பெருந்தமனியிலிருந்து முதுகெலும்பின் ஐந்தாம், ஆறாம் மார்புக் கணு அருகே கிளம்பும் மூச்சுக்கிளைத் தமனி. 2 மி.மீ.க்கு மேல் பருத்திருந்தால் அது நோய்ப்பட்டது. அதைப் பார்க்கப் பெருந்தமனி நிறையும் நேரத்தில் ஸ்கேன் கிளம்ப வேண்டும். கட்டி தேடும் நேரத்தில் எடுத்தால் அது சரியாக நிறைந்திருக்காது. எனவே கோரிக்கைச் சீட்டில் "சளியில் ரத்தம்" என்ற இரண்டு சொல் விடுபடக் கூடாது. பழைய குழிவின் சுவரில் நுரையீரல் தமனி பலூன் போல வீங்கும் ராஸ்முசென் வீக்கம் அரிது, ஆனால் தவறவிட்டால் உயிருக்கே ஆபத்து.

உங்கள் அப்பாவுக்கு வருவோம். அடுத்து எக்கோ. ஊதிய நுரையீரல் இதயத்தை மறைப்பதால் சிஓபிடியில் எக்கோவில் அழுத்தம் அளக்க முடியாமல் போவது சகஜம். "அழுத்தம் அளக்க இயலவில்லை" என்பதை "அழுத்தம் இல்லை" என்று படித்துவிடாதீர்கள். வலது கீழறையின் அளவும் அசைவும் எப்படி என்று குறிப்பாகக் கேளுங்கள். கூடவே வாயு கடக்கும் திறன் சோதனை, ஆறு நிமிட நடையில் ஆக்சிஜன் எவ்வளவு இறங்குகிறது, இதயச் சுமையைக் காட்டும் என்டி ப்ரோ பிஎன்பி ரத்தச் சோதனை. பழைய ரத்தக் கட்டிகள் நாள்பட்டுத் தங்கியிருக்கிறதா என்ற சந்தேகம் இருந்தால் காற்றோட்ட ரத்தவோட்ட ஐசோடோப் ஸ்கேன். இவை எல்லாம் கடுமையான அழுத்தத்தைச் சுட்டினால் மட்டுமே வலது இதயக் கதீட்டர். சராசரி அழுத்தம் 20 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால் நுரையீரல் ரத்த அழுத்தம். நுரையீரல் நோயோடு வரும்போது நுரையீரல் குழாய்கள் ரத்த ஓட்டத்துக்குத் தரும் தடை 5 வுட் அலகைத் தாண்டினால் கடுமை. அப்படிப்பட்டவர்களை இதற்கென்று இயங்கும் மையத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஒன்றை மிக அழுத்தமாகச் சொல்கிறேன். 33 மி.மீ. என்று பார்த்ததும் சில்டெனாஃபில் போன்ற குழாய் விரிக்கும் மாத்திரையை யாரும் தாமாகத் தொடங்கக் கூடாது. சுருங்கியிருந்த குழாய்கள் காற்றில்லாத பகுதிகளிலும் விரிந்துகொண்டால் ரத்தம் அங்கே வீணாக ஓடி ஆக்சிஜன் இன்னும் இறங்கும். மூச்சில் இழுக்கும் ட்ரெப்ரோஸ்டினில் என்ற இன்னொரு குழாய் விரிக்கும் மருந்து ஃபைப்ரோசிஸ் வகையில் பலன் தந்தது. சிஓபிடியில் அதே மருந்தைச் சோதித்த பர்ஃபெக்ட் ஆய்வு, தீங்கு தெரிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டது. சிஓபிடியில் பயன் உறுதியானவை பீடியை விடுவது, ஓய்விலேயே ஆக்சிஜன் 88 சதவீதமோ அதற்குக் கீழோ இருப்பவர்களுக்குத் தினம் 15 மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன், இழுக்கும் மருந்துகளை ஒழுங்காக எடுப்பது, நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி. தூக்கத்தில் குறட்டையும் மூச்சு நிற்பதும் இருந்தால் அதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே எடுத்த ஸ்கேனை இப்போதே காப்பாற்றி வையுங்கள். ஃபிலிமில் இருந்து எதையும் துல்லியமாகத் திரும்ப அளக்க முடியாது. மையத்தில் டைகாம் கோப்புகளை (ஸ்கேனின் அசல் படக் கோப்புகள்) குறுந்தகட்டிலோ பென்டிரைவிலோ கேளுங்கள், 5 மி.மீ. ஸ்லைஸ் மட்டும் கொடுத்தால் 1 மி.மீ. தொகுப்பை, மென்மையான கெர்னல், கூர்மையான கெர்னல் இரண்டிலும், தனியாகக் கேட்டு வாங்குங்கள். அந்தத் தொகுப்பைப் புதிதாக உருவாக்கத் தேவையான மூல அளவீடுகளைப் பல மையங்களில் சில நாட்களிலேயே அழித்துவிடுவார்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. அடுத்த முறை ஒப்பிடுவதற்காக எடுக்கும்போது அதே இயந்திரம், அதே கெர்னல், அதே முழு மூச்சு, கடைசியாக மூச்சு மோசமாகி ஆறு வாரமாவது கழித்து.